முழுசா விற்கிறதா, பிரிச்சு விற்கிறதா?

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வங்கிக் கடன் பற்றிப் பேசுவதாகத்தான் அழைப்பில் போட்டிருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம். ஏனென்றால் போன இரண்டு மாதத்தில் மூன்று குழுக்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டன. ஒரு குழுவில் பவர் டில்லர் சும்மா நிற்கிறது. இன்னொரு குழுவில் திராட்சைக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர் மூன்று இருக்கிறது, ஒன்றும் சரியாக ஓடவில்லை. மூன்றாவது குழுவில் மாவு அரைத்த பெரிய கிரைண்டரும் அதோடு ஒரு பழைய மோட்டாரும். "மேடம், முழுசா தள்ளிவிட்டுறலாமா, இல்ல பிரிச்சு வித்தா கூடக் கிடைக்குமாமே, எது நல்லது?" இதுதான் கேள்வி.

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அந்த டில்லர் குழுவில், இந்தப் பேச்சு எடுத்த நாளில் இருந்து ஆறு பேர் கூட்டத்துக்கே வரவில்லை. சேமிப்பும் நின்றுபோச்சு. "நீ காயலான் கடைக்காரன்கிட்ட முன்னாடியே பேசி வச்சுட்ட" என்று ஒருத்தர் சொல்ல, "என்னைத் திருடின்னு சொல்றியா" என்று இன்னொருத்தர் எழுந்து போக, பத்து வருஷமாகக் கட்டிக் காத்த குழு உடைகிற நிலையில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பொதுவில் வைத்துப் பேசுகிறேன். இங்கே யார் மேலும் குற்றம் சொல்ல வரவில்லை.

நம்மிடம் இந்த மெஷின்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் யோசியுங்க. 1999-ல் ஆரம்பித்த எஸ்.ஜி.எஸ்.ஒய். திட்டத்தில் குழுக்களுக்குப் பொருளாதாரக் கடன் கொடுத்தார்கள். திட்ட மதிப்பில் பாதி மானியம், அதிகபட்சம் 1.25 லட்சம். அந்தக் காலத்தில் ஆட்டோ, கிரைண்டர், மாவு மில், டில்லர் என்று பலதும் வாங்கினோம். அப்புறம் 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. 100 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்த ஒரு உற்பத்தியாளர் குழுவுக்கு, பண்ணைக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய். உங்களில் பல பேர் வீட்டுக்காரர் அதில் உறுப்பினர். ஆக மெஷின் வாங்குவதற்குப் பயிற்சி உண்டு, வழிகாட்டி உண்டு, கொட்டேஷன் உண்டு. வாங்கிய மெஷின் வயசாகி நின்றால் என்ன செய்வது என்று ஒரு வகுப்பும் யாரும் எடுத்ததில்லை.

ஓடுகிறதா, ஓடவில்லையா?

முதலில் இதைப் பாருங்க. ஓடுகிற மெஷினை முழுசாக விற்பதுதான் பெரும்பாலும் நல்லது. இது என்னுடைய அபிப்ராயம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். விலையெல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டது, சந்தை விலை என்று எழுதிக்கொள்ளாதீங்க.

ஒரு பவர் டில்லர். ஸ்டார்ட் ஆகிறது, உழுகிறது, கொஞ்சம் புகை அதிகம். முழுசாக 40,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார். நம்மில் ஒரு அக்கா சொல்கிறார், "பிரிச்சா இன்ஜின் மட்டுமே 22,000 போகும். கியர் பாக்ஸ் 10,000. ரோட்டவேட்டர் 8,000. டயர் ரெண்டும் 4,000. மிச்ச இரும்பு 3,000." கூட்டினால் 47,000. ஆக 7,000 ரூபாய் லாபம். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது செலவைப் போடுங்க. பிரிக்கிற மெக்கானிக்குக் கூலி 2,000. ஆளுக்கு ஒரு இடமாக ஏற்றி இறக்க வண்டி வாடகை 1,500. நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அலைந்தால் ஆறு ஆள் நாள், நாளுக்கு 300 என்று குறைச்சலாகவே வைத்தாலும் 1,800. மொத்தம் 5,300. அதைக் கழித்தால் கையில் 41,700. முழுசாக விற்றதை விட 1,700 ரூபாய்தான் கூடுதல். 12 பேர் குழுவில் ஆளுக்கு 141 ரூபாய் சொச்சம்.

அதுவும் எல்லா பாகமும் விற்றால்தான். கியர் பாக்ஸுக்கு ஆள் வரவில்லை என்று வையுங்க. அஞ்சு மாசம் சமுதாயக் கூடத்துத் திண்ணையில் கிடந்து, கடைசியில் எடைக்குப் போட்டு 2,500 வருகிறது. 7,500 போச்சு. கையில் 34,200. இப்போது முழுசாக விற்றதை விட 5,800 நஷ்டம். நம் ஆட்கள் அலைச்சலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெண்கள் அலைந்தால் அதற்குக் கூலி கிடையாது என்று நாமே நினைத்துப் பழகிவிட்டோம். குழுவில் உட்கார்ந்து வரவு செலவு எழுதுகிற நாமாவது அதைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

முழு மெஷினை வாங்குகிறவர் இரும்புக்குக் காசு கொடுப்பதில்லை. நாளைக்குக் காலையில் வயலில் இறக்கலாம் என்பதற்குக் கொடுக்கிறார். அதனால் எப்போது விற்கிறோம் என்பது முக்கியம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோக நெல் இருக்கிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதம் தண்ணீர் திறக்கிறார்கள். அப்படியென்றால் டில்லர் தேடி ஆள் அலைவது சித்திரை, வைகாசியில். நடவு முடிந்த பிறகு ஆடியில் கொண்டுபோய் நிறுத்தினால், வாங்குகிறவர் சாவகாசமாகப் பேரம் பேசுவார். இதே மாதிரி திராட்சைத் தோட்டத்து ஸ்ப்ரேயரை ஐப்பசி மழைக்கு முன்னால் விற்க வேண்டும். மழை விழுந்தால் கொடியில் நோய் வரும், மருந்தடிக்காமல் முடியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் போய் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டால் எந்த மாசம் மெஷினுக்கு அலைவார் என்று அவரே சொல்லுவார்.

ஓடாத மெஷின் என்றால் கணக்கு திரும்பிவிடும். அதே டில்லரில் இன்ஜின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது, ஆனால் கியர் பாக்ஸ், ரோட்டவேட்டர், டயர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வையுங்க. டில்லர் ரோட்டவேட்டரோடு சேர்த்து 400 கிலோ அளவுக்கு வரும். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் அப்படியே எடைக்கு 12,000. பிரித்தால், நல்ல பாகங்கள் 22,000, உடைந்த இன்ஜினும் மிச்ச இரும்பும் ஒரு 5,000, ஆக 27,000. செலவு 5,300 போனாலும் 21,700. இங்கே பிரிப்பதுதான் புத்தி. காயலான் கடைக்காரரும் இதைத்தான் செய்வார். நம்மிடம் கிலோக் கணக்கில் வாங்கி, உயிருள்ள பாகத்தைத் தனியே கழற்றி வைத்து, உருப்படிக் கணக்கில் விற்பார். அது அவர் தொழில். அந்த வேலையில் பாதியை நாம் செய்தால் அந்தக் காசில் பாதி நமக்கு.

பாகத்துக்கு ஆள் யார்?

ஒரு பாகத்தை யார் வாங்குவார்? அதே மாடல் மெஷினை வைத்திருக்கிறவர்தான் வாங்குவார். வேறு யாருக்கும் அது வெறும் இரும்பு. அதனால் மெஷினைப் பிரிக்கும் முன்னால், நம்ம பக்கத்தில் அந்த மெஷினுக்குப் பங்காளி எத்தனை என்று எண்ணிப் பாருங்க. விஎஸ்டி சக்தி டில்லர் என்றால் பங்காளி நிறைய. கேம்கோ டில்லர் என்றாலும் கவலையில்லை. அது கேரளத்து அரசு நிறுவனம், 1973-ல் இருந்து அங்கமாலிப் பக்கம் அத்தாணியில் செய்கிறார்கள். குமுளி ஏறினால் அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது பழகின மெஷின். ஆனால் நடுவில் யாரோ ஒரு ஏஜெண்டு வந்து சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போன பேர் தெரியாத மெஷின் இருக்கிறதே, அதற்குப் பங்காளியே கிடையாது. ஸ்பேர் கிடைக்காமல்தான் அது நின்றது. அதைப் பிரித்தால் பாகம் வாங்க ஆள் வரமாட்டார். அது ஓடுகிற வரைக்கும் முழுசாக விற்றுவிட வேண்டும், நின்றால் எடைக்குத்தான்.

இது நம்ம சின்ன மெஷினுக்கு மட்டும் உள்ள கதை என்று நினைக்காதீங்க. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீங்க. தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வந்தது. அதற்கப்புறம் வந்தவற்றில் பலது இப்போது கிழடாகிவிட்டது. 20 வருஷம் தாண்டிய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கும், மாற்றுவதற்கும் 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. கோடிக் கணக்கில் போட்ட கம்பெனிக்கும் இதே கேள்விதான். கியர் பாக்ஸையும் ஜெனரேட்டரையும் அதே மாடல் வைத்திருக்கிற இன்னொரு கம்பெனிக்கு ஸ்பேராக விற்கலாம். கோபுரத்து இரும்பை எடைக்குப் போடலாம். ஆனால் அந்த நீள இறக்கை இருக்கிறதே, அது கண்ணாடி நாரில் செய்தது. எடைக்குக்கூட வாங்க ஆள் இல்லை. அப்புறப்படுத்த நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

நம் மெஷினிலும் அப்படி ஒரு இறக்கை இருக்கும். பிளாஸ்டிக் டேங்கு, கிழிந்த ஓஸ், கிரைண்டர் கல், வண்டல் படிந்த ஆயில். பிரிக்க முடிவு செய்யும்போது, கடைசியில் மிஞ்சுவதை என்ன செய்யப்போகிறோம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பேர் வேண்டாம். ஒருவர் வந்து இன்ஜினை மட்டும் நல்ல விலைக்குக் கேட்டார். குழுவும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டது. இன்ஜின் போன பிறகு மிச்ச டில்லரைச் சீண்ட ஆள் இல்லை. உழவுக்கு வாங்குகிறவருக்கு இன்ஜின் இல்லாத டில்லர் எதற்கு? பாகம் வாங்குகிறவர் கியர் பாக்ஸை ஓட்டிப் பார்த்து வாங்க வழியில்லை, அதனால் பாதி விலை. ஆக, முதலில் வருகிறவருக்கு நல்லதை மட்டும் கழற்றிக் கொடுக்காதீங்க. பிரிப்பது என்றால் எல்லா பாகத்துக்கும் ஆள் பேசி முடித்துவிட்டு, அப்புறம் ஸ்பானரைத் தொடுங்க. பிரிக்கும் முன்னால் ஓடுகிற பாகத்தை ஓடவிட்டு செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் வாங்குகிறவருக்கும் நம்பிக்கை வரும்.

மூன்று ஸ்ப்ரேயர் வைத்திருக்கிற குழு என்னிடம் கேட்டபோது, நான் விற்கவே வேண்டாம் என்று சொன்னேன். மூன்றும் ஒரே மாடல். ஒன்றில் பம்பு நல்லா இருக்கிறது, ஒன்றில் இன்ஜின் நல்லா இருக்கிறது, ஒன்றில் கார்புரேட்டர் புதுசு. இரண்டை உயிர்ப்பித்து, மூன்றாவதை ஸ்பேருக்கு வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு விட்டால் மாசா மாசம் வருமானம். "அதை யாரு பாக்குறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பார்க்கிற ஆள் இல்லையென்றால் அந்த யோசனை வேண்டாம். பொறுப்பு எடுத்துக்கொள்ள ஒருத்தர் முன்வந்தால் மட்டும் செய்யுங்க.

ரிப்பேர் செய்து விற்கலாமா என்றும் கேட்கிறீங்க. ஸ்டார்ட் ஆகாத மெஷினுக்கும் ஸ்டார்ட் ஆகிற மெஷினுக்கும் விலையில் ரொம்ப வித்தியாசம். பிளக் மாற்றுவது, கார்புரேட்டர் சுத்தம் செய்வது, பெல்ட் போடுவது மாதிரி சில நூறு ரூபாய் வேலை என்றால் செய்துவிட்டு விற்கலாம். இன்ஜினைத் திறந்து போர் அடிக்கணும், கிராங்க் மாற்றணும் என்றால் வேண்டாம், போட்ட காசு விலையில் திரும்பி வராது. தென்னந்தோப்பிலும் ஏலத் தோட்டத்திலும் களை வெட்டுகிற மெஷின் இருக்கிறதே, அதில் பலதும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். அப்படி நின்ற மெஷினைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று எடைக்குப் போட்டுவிடாதீங்க. பிஸ்டனும் சிலிண்டரும் செட்டாகக் கிடைக்கும் மாடல் என்றால் முதலில் விலை விசாரிங்க.

மோட்டார், கிரைண்டர், செம்பு

மோட்டார் வேறு மாதிரி. அதில் இரும்பை விடச் செம்புக்குத்தான் மதிப்பு. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்று வந்ததில் இருந்து, நம்ம பக்கம் ஆயில் இன்ஜின் குறைந்து எல்லாக் கிணற்றிலும் மோட்டார்தான். அதனால் பழைய மோட்டார் இல்லாத ஊர் இல்லை. வைண்டிங் எரிந்த மோட்டாரைப் பார்த்து "ஒண்ணுக்கும் ஆகாதுக்கா, 500 ரூபா தர்றேன்" என்பார்கள். உள்ளே செம்பு அப்படியேதான் இருக்கிறது. எரிந்தாலும் செம்பு செம்புதான். பாடி, ஷாஃப்ட், பேரிங் நல்லா இருந்தால் மறுபடி வைண்டிங் கட்டி ஓட்டலாம். அதனால் எடைக்கடைக்குப் போகும் முன்னால் மோட்டார் வைண்டிங் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. இரண்டு இடத்திலும் விலை வாங்கினால்தான் நமக்குத் தெரியும்.

சில மலிவு மோட்டார்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி கட்டியிருப்பார்கள். மேலே வார்னிஷ் பூச்சு இருப்பதால் செம்பு மாதிரியே தெரியும். கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்க. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. இது தெரிந்தால் நம்மையும் யாரும் ஏமாற்ற முடியாது, நாமும் வீணாக ஆசைப்பட மாட்டோம்.

2011 செப்டம்பரில் இருந்து அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லார் வீட்டிலும் வந்தது. இப்போது பல வீட்டில் பரண் மேல் கிடக்கிறது. அது நம் சொந்த வீட்டுச் சாமான், குழுவுக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரே மாடல் ஊரெல்லாம் இருக்கும்போது, ஒருத்தர் வீட்டு ஜார், ஒருத்தர் வீட்டு மோட்டார் என்று தங்களுக்குள் மாற்றிக்கொண்டாலே பாதி மிக்ஸி ஓடும். எடைக்குப் போட்டால் என்ன பெரிசாக வந்துவிடப் போகிறது? ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கலாம்.

குழுவின் பெரிய கிரைண்டருக்கு வருவோம். கல் தேய்ந்திருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. கல்லுக்கு எடைக்கடையில் மதிப்பே இல்லை, கழித்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். டிரம் எவர்சில்வர் என்றால் அதற்குத் தனி விலை, இரும்போடு சேர்த்து நிறுக்க விடாதீங்க. ஆனால் கல்லைக் கொத்தி ஓட்டிக் காட்டினால், புதுசாக இட்லிக் கடை போடுகிற யாராவது முழுசாகவே வாங்கிக்கொள்வார். நம் கூட்டமைப்பிலேயே மாவு வியாபாரம் தொடங்க நினைக்கிற குழு இருக்கலாம். வெளியில் கேட்கும் முன் நமக்குள் கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. செம்பை எடுக்கிறேன் என்று ஒயரையும் வைண்டிங்கையும் வீட்டு வாசலில் போட்டு எரிக்காதீங்க. பி.வி.சி. எரிகிற புகை விஷம். பிள்ளைகள் விளையாடுகிற இடம், பக்கத்தில் அடுப்பு. எரித்து எடுத்த செம்புக்குச் சில கடைகளில் விலையும் குறைப்பார்கள். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே கூடாது, உள்ளே இருப்பது கந்தக அமிலம். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கும் பொறுப்பை 2022-ல் வந்த விதிமுறை தயாரிக்கிற கம்பெனிகள் மேலேயே வைத்திருக்கிறது. புது பேட்டரி வாங்கும் கடையில் பழசைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீங்க. அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கிற ஊருக்குக் குடிக்கப் போகிறது.

யாருடைய மெஷின்?

இதை முதலில் சொல்லியிருக்கலாம், ஆனால் விலைக் கணக்கு தெரியாமல் இதைச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டீங்க.

கடன் முடியாத மெஷின் வங்கிக்கு ஈடாக இருக்கிறது. அதில் ஒரு நட்டைக் கழற்றி விற்பதற்கும் நமக்கு உரிமை இல்லை. கடன் முடிந்திருந்தால் வங்கியில் தடையில்லாச் சான்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். மானியத்தில் வந்தது என்றால், வாங்கும்போது எத்தனை வருஷம் விற்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம் என்பதைப் பழைய ஒப்பந்தத்தில் பாருங்க. காகிதம் தொலைந்திருந்தால் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ, மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேட்டுவிடுங்க. டிராக்டர், டிரெய்லர் மாதிரி ஆர்.சி. புத்தகம் உள்ள வண்டியை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் பிரிக்கவே கூடாது. சேஸிஸ் நம்பர் உள்ள பாகம் நாளைக்கு எங்கேயாவது வேறு வண்டியில் மாட்டினால் கேள்வி நம்மிடம் வரும்.

அப்புறம், விற்பது என்று முடிவு செய்தால் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். முழுசாகவா, பிரித்தா, குறைந்தபட்ச விலை என்ன, யார் யார் போய்ப் பேசுவது, எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். ஒருத்தர் தனியாகப் போகக் கூடாது. ஒருத்தர் மேல் சந்தேகம் வருவது அவர் கெட்டவர் என்பதால் இல்லை, தனியாகப் போனதால்தான். அந்த டில்லர் குழுவில் நடந்ததும் இதுதான். அந்த அக்கா நல்ல எண்ணத்தில்தான் விலை கேட்டு வந்திருக்கிறார். துணைக்கு இன்னொருத்தரைக் கூட்டிப் போயிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

எடைக்குப் போடும்போது தராசைப் பாருங்க. தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கையோடு பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுபோய் முதலில் அதை நிறுத்துப் பார்க்கலாம். சிரிக்காதீங்க, ஒரு குழு அப்படிச் செய்தது, தராசு உடனே சரியாகிவிட்டது! இரும்பு, காஸ்டிங், அலுமினியம், பித்தளை, செம்பு எல்லாம் தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்க. எல்லாவற்றையும் குவியலாக இரும்பு விலைக்குப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஜி.எஸ்.டி. பிடிக்கணும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. 2024 அக்டோபர் 10-ல் இருந்து, பதிவு பெற்ற வியாபாரி பதிவு இல்லாதவரிடம் உலோகப் பழசு வாங்கினால் அந்த வரியை வியாபாரிதான் கட்ட வேண்டும்.

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும். கையில் வாங்கி ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தால் அங்கேயே பிரச்சினை ஆரம்பிக்கும். மெஷின் வாங்கியபோது இருந்து, இப்போது விலகிப் போன உறுப்பினருக்குப் பங்கு உண்டா? இறந்துபோன உறுப்பினரின் பிள்ளைக்கு உண்டா? விலகும்போது கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் இல்லை. முடிக்கவில்லை என்றால் உண்டு என்பதுதான் என் கருத்து. இதைக் குழு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், நான் உத்தரவு போட முடியாது. அந்தக் குழுவில் ஒரு தங்கச்சி மகளின் காலேஜ் பீஸுக்காகத்தான் சீக்கிரம் விற்கச் சொல்லி அவசரப்படுகிறார். அவருக்கு உள்கடன் கொடுத்தால் பீஸ் கட்டிவிடலாம், மெஷினை வைகாசி வரைக்கும் நிறுத்தி நல்ல விலைக்கு விற்கலாம். அந்த யோசனையை இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்தக் குழு ஊக்குநரும் பிரதிநிதியும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். வராமல் இருக்கிற ஆறு பேரையும் வீட்டுக்கே போய் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, சும்மா நிற்கிற மெஷின் உள்ள குழுக்கள் எல்லாரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. மெஷின் பேர், மாடல், வாங்கிய வருஷம், ஓடுகிறதா, ஓடவில்லை என்றால் எதனால் நின்றது, கடன் முடிந்ததா, மானியம் உண்டா, இவ்வளவும் போதும். பட்டியலைச் சேர்த்துப் பார்த்தால் யாருக்கு எந்தப் பாகம் தேவை என்பது நமக்குள்ளேயே தெரிந்துவிடும். டில்லர் பார்க்கிற மெக்கானிக் ஒருவரையும், வைண்டிங் தெரிந்த ஒருவரையும் அழைக்க ஏற்பாடு செய்கிறோம். பில் இருந்தால் எடுத்து வாங்க. பில் தொலைந்தவர்கள் இன்ஜின் மேல் உள்ள தகட்டைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு வந்தால் போதும். தகடு அழுக்கேறி எழுத்து தெரியவில்லை என்றால், துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்க.